கணக்குப் பரீட்சைக்குப் போன கஸ்தூரி

சென்ற மாதம் ஈப்போவை அடுத்த செமோர் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். திருவிழாவில் மட்டும் யாராலும் கைவைக்க முடியவில்லை!

கரகம் ஆடியவள் கஸ்தூரி. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவள். இப்படிப்பட்டவர்களைக் கூப்பிட ஊரில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அது இந்தப் பத்தியில் வராது. வேண்டுமானால் கோபித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் அவளைச் சுற்றி ஒரே கூட்டம். அவள் கையால் திருநீறு வாங்கினால் நல்லது நடக்குமாம். பால்மரம் வெட்டிய பாக்கியம் அக்காவும் மகள் மாலாவை இழுத்துக்கொண்டு வந்தார்.

"கஸ்தூரி, இவ தலையில கைய வைம்மா. போன வருசம் பள்ளி முடிக்கிற எஸ்.பி.எம். பரீட்சையில கணக்குல கோட்டை விட்டுட்டா. இந்தத் தடவையாச்சும் பாஸாவணும்லா."

கஸ்தூரி சிரித்துவிட்டாள். "நல்லா ஆள் பாத்தீங்கக்கா! நானும் அதே பரீட்சைதான் எழுதப் போறேன். எனக்கும் கணக்குதான் உதைக்குது."

பாக்கியம் அக்கா திகைத்துப் போனார். "நீ படிச்சு என்னம்மா பண்ணப் போற?"

"ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி வேலைக்குப் போவணும்க்கா. மாசச் சம்பளம், இ.பி.எஃப். சேமிப்பு, ஞாயித்துக்கெழம லீவு..."

கேட்டீர்களா ஆசையை? பங்களாவா கேட்டாள்? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் வேண்டிக்கொள்ளும் அதே மேஜை, அதே நாற்காலி! திருநீறு வாங்க அவள்முன் முண்டியடிக்கிறோம் — வேலை கேட்டு வந்தால் மட்டும் 'ஆள் தேவையில்லை' என்கிறோம். என்ன நியாயம் இது?

பிறகு என்னிடம் மனம்விட்டுப் பேசினாள். கேலி தாங்காமல் நாலாம் பாரத்தில், அதாவது பத்தாம் வகுப்பில், பள்ளியை விட்டவள். பகலில் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறாள், மாலையில் டியூஷன். போன வருடமே பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாளாம். வாசலில் பையன்கள் ஊளையிட, அப்படியே பஸ் ஏறித் திரும்பிவிட்டாள்.

"இந்த வருசமும் உள்ள போவேனான்னு தெரியலக்கா" என்றாள்.

பக்கத்தில் நின்ற மாலா சட்டென்று சொன்னாள்: "நானும் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலேருந்துதான் எழுதுறேன். ஒரே மண்டபந்தான்க்கா. சேர்ந்து போலாம்லா!"

அந்தப் பெண்ணை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இப்படி என்றால் விரட்டாதீர்கள், படிக்க வையுங்கள். கஸ்தூரியைப் போன்ற தங்கைகளே, பாதியில் விட்ட புத்தகத்தைத் திரும்ப எடுங்கள். துணைக்கு வர ஆள் கிடைக்கும்... நிச்சயம் கிடைக்கும்.

போன செவ்வாய்க்கிழமை கணக்குப் பரீட்சை. மனசு கேட்கவில்லை; நானும் பரீட்சை நடந்த பள்ளி வாசலில் போய் நின்றேன். பையன்கள் இருந்தார்கள். ஊளையும் இருந்தது. கஸ்தூரியின் கால்கள் நின்றுவிட்டன.

மாலா அவள் கையைப் பிடித்தாள். "அத விடுங்கக்கா. அந்த ஃபார்முலாவ இன்னொருக்கா சொல்லுங்க."

கஸ்தூரி சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே இருவரும் உள்ளே போய்விட்டார்கள்!

பரீட்சை முடிந்து வெளியே வந்த கஸ்தூரியிடம், "எப்படிம்மா?" என்று ஓடினேன்.

"என்னாக்கா கேள்வி இது? மோசம்லா! கேள்வி எடுத்தவன் மட்டும் கையில கெடைச்சான்..."

பஸ் வரும்வரை திட்டித் தீர்த்தாள். பரீட்சை எழுதிய எல்லோரையும் போல!