வெறுங்கால் நெரிஸ்

நாற்காலியில் உட்காரும் முன்பே நெரிஸின் கால்கள் செருப்பை உதறிவிடும். ஒன்று இந்தப் பக்கம் விழும். மற்றது எங்கே போனது என்று அவளுக்கே தெரியாது. எங்கள் வீட்டு வாசலில் உதறினால் சரி. வங்கியிலும் உதறுவாள், பல் டாக்டரிடத்திலும் உதறுவாள். இங்கே ஷார்ஜாவின் முவைலாவில் பகாலா என்றால் மளிகைக்கடை. அதன் வாசலில்கூட விட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். கடைக்காரர் கலீலுர் ரஹ்மான், காயல்பட்டினத்துக்காரர், "இது என்ன பள்ளிவாசலா மேடம்?" என்று கேட்பார். "சாப்பாட்டுச் சாமான் இருக்க எடத்துல செருப்போட வரலாமாவே? எங்க அத்த இருந்தா கொன்னுருப்பாவ" என்று பதில் வரும்.

இப்படித் திருநெல்வேலிப் பேச்சுப் பேசுகிறவளுக்குத் தலைமுடி செம்பட்டை. வெயில் பட்டால் மூக்கு தக்காளிதான். பிறந்தது வேல்ஸ் நாட்டில். துறைமுகத்தில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பாலமுரளியைக் கட்டிக்கொண்டு ஷார்ஜாவுக்கு வந்தவள், எங்களுக்கு எதிர்வீடு. வேல்ஸ் எங்கே இருக்கிறது என்று நானும் கேட்டேன். இங்கிலாந்தை ஒட்டிக் கிடக்கிற மலைநாடாம். ஒட்டிக் கிடந்தாலும் இங்கிலாந்து என்று சொல்லிவிட்டால் போச்சு. ஒருநாள் கலீலுர் ரஹ்மான் வாய்தவறி "இங்கிலீஷ் மேடம்" என்று கூப்பிட்டதற்கு, எடுத்த தயிரை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் அவரே தயிரோடு வந்து "வேல்ஸ் மேடம்" என்று சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.

ஊர்ப் பெருமைக்குக் குறைவே கிடையாது. என் மருமகள் சுஷ்மிதா கணக்கு டீச்சர். அவள் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தால் இவள் பக்கத்தில் வந்து நின்று, சமம் என்று போடுகிறார்களே இரட்டைக் கோடு, அதைத் தொட்டுக் காட்டுவாள். "இத மொதமொதல்ல போட்டது எங்க ஊர்க்காரர், தெரியுமாட்டி?" ஆஸ்பத்திரி என்று யாராவது வாயெடுத்தால், காசு வாங்காமல் ஊருக்கெல்லாம் வைத்தியம் என்று அங்கே கொண்டுவந்த மந்திரியும் இவள் ஊர்தான், சின்ன வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவராம். "ஆரம்பிச்சுட்டாளா?" என்று பாலமுரளி டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

மார்ச் முதல் தேதி அவர்களுக்குப் பண்டிகை. அன்றைக்கு லீக் என்று ஒன்றைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். பார்த்தால் வெங்காயத்தாளுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். முதல் வருஷம் எங்கள் வீட்டில் ஆளுக்கொன்று கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு யார் சொன்னார்கள்? நறுக்கிச் சாம்பாரில் போட்டுவிட்டேன். சாயங்காலம் வந்து "குத்திக்கலையா ஆச்சி?" என்று கேட்டவள், விஷயம் தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறும் சாப்பிட்டாள். யார் என்ன சொன்னாலும் சரி, அந்தச் சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

இத்தனை பெருமை பேசுகிறவளுக்கு வெகுகாலம் தன் பாஷை தெரியாது. அவள் பாட்டியின் அம்மா படித்த பள்ளிக்கூடத்தில், வேல்ஸ் பாஷையில் ஒரு வார்த்தை பேசினால் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். அடுத்து யார் வாயில் அந்தப் பாஷை வருகிறதோ, அவர்கள் கழுத்துக்கு அது மாறும். பள்ளி விடும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவர்களுக்குப் பிரம்படி. அடி வாங்கினவள் தன் பிள்ளைகளிடம் அந்தப் பாஷையைப் பேசவேயில்லை. அந்த வீட்டில் அது அதோடு அற்றுப்போயிற்று.

இது நெரிஸுக்கு உறைத்தது பிள்ளை பெற்ற பிறகு. பேறுகாலம் பார்க்க வந்திருந்த மாமியார் நாகவள்ளி, "ஒம் பிள்ளைக்கு ஒம் பாஷைல ஒரு பாட்டுப் படி, கேப்போம்" என்றிருக்கிறார். இவள் பாடினாள். "இது இங்கிலீசுல்லா? ஒன் பாஷ எங்கட்டி?" என்று மாமியார் சாதாரணமாகக் கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். இவளுக்குத் தூக்கம் போச்சு. மாமியாரிடம் தமிழைப் பேசிப்பேசிப் பிடித்துக்கொண்டவள், பிற்பாடு போனில் பாடம் கேட்டுத் தன் பாஷையையும் பிடித்தாள். சப்பாத்தி மாவு பிசைகிறபோதுகூடக் காதில் அந்தப் பாடம்தான் ஓடும்.

துபாய்ப் பக்கத்து வேல்ஸ்காரர்கள் அந்தப் பண்டிகையில் கவிதைப் போட்டி வைக்கிறார்கள். எழுதுகிறவர் நிஜப் பேரை மறைத்து ஒரு புனைபேர் போட்டு அனுப்ப வேண்டும். அந்த நாட்டில் உட்கார்ந்து ஒருவர் தேர்ந்தெடுப்பார். ஜெயித்தவருக்குப் பரிசு ஒரு மர நாற்காலி. இரண்டு தடவை எழுதிப் பார்த்தாள். இலக்கணம் இருக்கிறது, உயிர் இல்லை என்று பதில் வந்தது. பிறந்த வீட்டில் காதால் கேட்காதவர்களுக்கு அது வராது என்று அங்கேயே ஒரு அம்மாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். "இந்த வருசமும் இல்லன்னா நான் பேனாவத் தொட மாட்டேன் ஆச்சி" என்று என்னிடம் வந்து உட்கார்ந்தாள். செருப்பு வழக்கம்போல ஆளுக்கொரு மூலையில் கிடந்தது.

இந்த வருஷம் பயணத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். இவள் மேரி ஜோன்ஸை எடுத்துக்கொண்டாள். இருநூறு வருஷத்துக்கு முந்தி, தன் பாஷையில் அச்சான வேதப் புத்தகம் வேண்டும் என்று வெறுங்காலோடு மலை தாண்டி நடந்த ஏழைப் பெண். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். எனக்கு எழுத்தும் வராது, அந்தப் பாஷையும் தெரியாது, காது இருக்கிறது. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்து விழுந்தது, கும்மிப் பாட்டு மாதிரி. "மூணாவது அடி நொண்டுதுட்டி" என்றேன். "இல்ல ஆச்சி, சரியாத்தான் இருக்கு." "எனக்கு நொண்டுது." "ஒங்களுக்கு அர்த்தமே தெரியாதுல்லா!" அவள் மாற்றவில்லை. நானும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் நொண்டுகிறது என்றுதான் சொல்வேன். புனைபேர் என்ன என்று மட்டும் என் காதில் சொன்னாள்: ட்ராய்ட்நாய்த். வெறுங்கால் என்று அர்த்தம். பாலமுரளிக்குக்கூடத் தெரியாது.

பண்டிகையன்று என்னையும் கூட்டிப்போனார்கள். காரில் பழைய கதை ஒன்று சொன்னாள். முதல் உலக யுத்தத்தின்போது அவர்கள் நாட்டில் இதே மாதிரிப் போட்டியில் ஜெயித்தவரின் புனைபேரைக் கூப்பிட்டு, அவர் எழும்புவதற்கு எக்காளம் ஊதினார்களாம்; ஒருவரும் எழும்பவில்லை. ஜெயித்தவர் ஆடு மேய்த்த மனிதர், சில வாரத்துக்கு முன்னால் போர்க்களத்தில் செத்துப்போயிருந்தார். அந்த நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்களாம். "இப்பவும் ஆளு எந்திக்க செத்த நேரமானா எங்காளுகளுக்கு நெஞ்சு நின்னுரும் ஆச்சி."

அரங்கம் நிறைந்திருந்தது. எல்லார் நெஞ்சிலும் லீக், என் சேலையிலும்தான். மேடையில் நீள அங்கி போட்ட பெரியவர் பேரைக் கூப்பிட்டார்: "ட்ராய்ட்நாய்த்!" எக்காளம் ஊதியது. என் காதில் அவள் சொன்ன அதே பேர். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நெரிஸைக் காணோம். குனிந்து, முன் வரிசை நாற்காலிக்கடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள்.

மறுபடி கூப்பிட்டார். மறுபடி எக்காளம். ஒருவரும் எழும்பவில்லை. ஒரு வயசாளி நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

"செருப்பு கெடக்கட்டும், எந்திட்டி!" என்று நான் போட்ட சத்தம் மேடைவரைக்கும் போயிருக்கும்.

எழுந்துவிட்டாள். விளக்கு வெளிச்சம் அவள்மேல் வந்து விழுந்தது. "அடிப்பாவி, நீயா?" என்று பாலமுரளி வாயைப் பிளந்தார். வராது என்று சொன்ன அம்மாள்தான் முதலில் எழுந்து கைதட்டினாள். அப்புறம் கூட்டம் முழுக்க எழுந்தது. நடுவில் இவள் மேரி ஜோன்ஸ் மாதிரி வெறுங்காலோடு, தலை நிமிர்ந்து நடந்துபோனாள்.

மேடையில் அவள் தலைக்கு மேல் பெரிய வாள் ஒன்றைப் பாதி உருவிப் பிடித்தார்கள். சமாதானமா என்று கேட்டார் பெரியவர். சமாதானம் என்று எல்லாரும் அவர்கள் பாஷையில் முழங்கினார்கள். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் நான் தமிழிலேயே முழங்கினேன். வாள் உறைக்குள் போயிற்று. உட்காரச் சொல்லி அந்த நாற்காலியைக் காட்டினார்.

நெரிஸ் உட்கார்ந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு எங்கள் வீட்டில் சோற்றுக்கு உட்காருகிற மாதிரி, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.