சிவப்பு ட்ராக்டரின் ஏலம்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பிழைக்க வந்த நாட்டில், கிரான்பர்ன் என்ற ஊருக்கு வெளியே இருபத்திரண்டு வருடம் வெண்டியும் கத்தரியும் பயிரிட்டவள் கமலினி. உழுததும் தண்ணீர் கட்டியதும் சந்தைக்குப் பெட்டி ஏற்றியதும் அவள்தான். புருஷன் கதிர்காமநாதன் நல்ல மனுஷன். சிட்டியில் வேலை பார்த்தார், பத்திரங்களில் கையெழுத்துப் போட்டார். அவர் செத்ததும் ஏலக்காரன் அச்சடித்த தாளில் ‘காலஞ்சென்ற கதிர்காமநாதனின் பண்ணைச் சாமான்கள்’ என்று இருந்தது. கமலினியின் பெயர் மருந்துக்கும் இல்லை.

ஏலத்தை ஏற்பாடு செய்தவன் மகன் இளங்கீரன். நிலத்தை வீடு கட்டுபவர்களுக்கு விற்றாயிற்று. தாயைக் கூட்டிப்போய்த் தன் பிள்ளைகளைப் பார்க்க வைப்பது அவன் திட்டம். அவளோ பக்கத்துப் பண்ணைக்காரன் பீற்றரிடம் இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பேசியிருந்தாள். அதை உழத் தன் சிவப்பு ட்ராக்டரைக் கேட்டாள்.

“எல்லாம் ஏலத்தில போட்டாச்சு அம்மா” என்றான்.

அவளும் போய் ஏல அட்டை வாங்கிக்கொண்டு நின்றாள், தான் ஓட்டிய ட்ராக்டரைத் தானே விலை கேட்க. அவள் அட்டையை உயர்த்தியதும் அயலிலிருந்த பண்ணைக்காரர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். அந்த மரியாதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதிர்த்து உயர்ந்தது ஒரே ஒரு அட்டை. திரும்பிப் பார்த்தால் இளங்கீரன்.

அவள் உயர்த்த உயர்த்த அவனும் உயர்த்தினான். கையிருப்பு முடிந்த இடத்தில் அவள் அட்டையை இறக்கினாள்.

“இனி உங்களுக்கு இது தேவையில்லை அம்மா. வீட்ட வாங்கோ.”

பெற்றவளிடம் இப்படிச் சொல்ல ஒருவனுக்கு எப்படி வாய் வரும்? அவளுக்குத் துணையாய் வந்திருந்த நான் நாலு வார்த்தை கேட்கப் போனேன். கமலினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாங்கியதை ஐந்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது ஏலக்காரனின் கண்டிப்பு. இளங்கீரன் வாடகை லொறி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ட்ராக்டரில் ஏறிச் சாவியைத் திருகினான். ட்ராக்டர் இருமிவிட்டு நின்றது. இன்னும் மூன்று தரம் திருகிப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இறங்கி வந்தான்.

“அம்மா, இதை ஒருக்கா லொறியில ஏத்தித் தாங்கோ.”

“ஓம்” என்றாள்.

ஏறி உட்கார்ந்து ஏதோ ஒரு பிடியை இழுத்தாள். முதல் தரமே கிளம்பியது. லொறியைத் தாண்டினாள். வாசலையும் தாண்டினாள்.

“எங்க போறீங்கள்?” என்று இளங்கீரன் பின்னால் ஓடினான்.

“இரண்டு ஏக்கர் உழக் கிடக்கு. ட்ராக்டர் வாங்கித் தந்ததுக்குச் சந்தோஷம் மோனை.”

பீற்றர் அவளுக்கு முன்னே ஓடிப்போய்த் தன் வேலிக் கதவைத் திறந்துவிட்டான்.