ஆத்துல கீறோம்

டேனியலுக்கு வாய் நீளம். ரேஷனில் பருப்பு வராவிட்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் மனு எழுதுகிறவன் அவன்தான். எட்டாவது படிப்பு, நெல் மண்டியில் மூட்டை தூக்குகிற வேலை. எங்கள் தெருவின் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அவன்தான் வக்கீல். அந்த வக்கீலே வழக்கைக் கெடுத்ததைத்தான் சொல்லவந்தேன். பக்கத்திலேயே நின்ற எனக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

காவாந்தண்டலத்தைத் தாண்டி, செய்யாற்றின் கரைமேட்டில் இருந்தது எங்கள் தெரு. அந்தக் காலத்தில் ஆறு வற்றியதும் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரை வயலுக்குத் திருப்புவார்கள். ஊத்துக்கால் என்பார்கள். வருஷாவருஷம் அதைத் தோண்ட ஆள் வேண்டுமே! நிலக்காரர்கள் ஐந்து குடும்பத்தைக் கூட்டிவந்து கரைமேட்டில் குடிசை போடச் சொன்னார்கள். ஊருக்குள் இடம் கொடுக்க மனசு வரவில்லை, வேறென்ன? "அவனுங்க ஆத்துல கீறானுங்க" என்றது ஊர். நாங்களும் அதையே சொல்லிப் பழகினோம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் அப்படித்தான் அடையாளம் சொன்னோம். கரையில் இருக்கிறோம் என்று எவன் வாயிலும் வந்ததில்லை. இத்தனைக்கும் பெருவெள்ளம் வந்த வருஷம்கூடத் தண்ணீர் எங்கள் வாசலுக்கு ஓர் ஆள் உயரம் கீழேதான் போயிற்று.

போன வருஷம் நோட்டீஸ் வந்தது. ஆற்றுக்குள் இருக்கிற வீடுகளை இடிப்பார்களாம். கரைமேட்டில் இருப்பதாக நிரூபித்தால் பட்டா கிடைக்கும் என்றார்கள். தெரு முழுவதுக்கும் சேர்த்து மனு எழுதிப் போட்ட டேனியல் ஒரு வாரம் தூங்கவில்லை. பழைய ரேஷன் கார்டு, கரண்டு கார்டு என்று எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு விசாரணைக்குக் கிளம்பினான். துணைக்கு நான்.

"எங்கய்யா குடியிருக்கீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

டேனியல் நிமிர்ந்து நின்றான். "ஆத்துலதான் சார். எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஆத்துலதான் கீறோம். மூணு தலமொற!"

அவர் எழுதினார். காகிதத்தை இவன் பக்கம் திருப்பினார். 'மூன்று தலைமுறையாக ஆற்றில் குடியிருந்து வருகிறோம்.' டேனியல் சத்தமாகப் படித்தான்.

"கரெக்ட்டு சார்."

கையெழுத்துப் போட்டான். பாவி, நானும் தலையாட்டினேன். மூன்று தலைமுறை என்று சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டதே என்று எனக்குப் பெருமை வேறு. வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்தோம்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவை அவன் வீட்டுச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். மகள் ஜெனிஃபர்தான் படித்தாள். ஆற்றுக்குள் குடியிருப்பதை மனுதாரரே ஒப்புக்கொண்டபடியால் மனு தள்ளுபடி.

"நைனா, இன்னா சொல்லிட்டு வந்தே நீ?"

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அலுவலகத்துக்கு ஓடினான். "நாங்க பேசறதே அப்பிடிதான் சார், வந்து எடத்தப் பாருங்க சார்" என்று கெஞ்சினான். எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான் என்றார்கள். திரும்பி வந்து தெரு நடுவில் உட்கார்ந்தான்.

"அடிங்கடா என்ன. சேட்டு, நீயாவது அடிடா" என்று என் கையைப் பிடித்து இழுத்தான்.

யாரும் அடிக்கவில்லை. அவன் மனைவி மேரிதான் என்னிடம் வந்து அழுதாள். "நாலு வார்த்த திட்டுண்ணா. திட்னாலாவது அது சோறு துன்னும்." எந்த முகத்தோடு திட்டுவேன்?

வைகாசியில் இயந்திரங்கள் வந்தன. மத்தியானத்துக்குள் எல்லாம் மண். அங்கேயே மேசை போட்டு, முப்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள். அதற்கும் ஒரு காகிதம். முதல் பெயர் டேனியல்.

"படிடா சேட்டு" என்றான்.

'என் சொந்த விருப்பத்தின்பேரில் வீட்டைக் காலி செய்தேன்.'

மறுபடி படிக்கச் சொன்னான். படித்தேன். மூன்றாம் தரமும் படித்தேன்.

"போடலன்னா?" என்று மேசைக்காரரைக் கேட்டான்.

"வீடு இல்ல."

இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்தே கையெழுத்துப் போட்டான். பேனாவை என்னிடம் நீட்டினான்.