அமெரிக்கப் பத்தும் லண்டன் பத்தும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இதை நானே எழுதவேண்டும். பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவித்தால் அவசரத்தில் பாதியை விட்டுவிடுவார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, கணவரை இழந்த என் தங்கை, மகளையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவிலிருந்து லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மகளுக்குப் பதினைந்து வயது. அந்த நாட்டில் பெரிய வகுப்புகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்பதுக்கு ஃப்ரெஷ்மன், பத்துக்கு சோஃபமோர், பிறகு ஜூனியர், கடைசி சீனியர். அவள் ஒன்பதை முடித்துவிட்டு வந்திருந்தாள். "பெரியம்மா, நான் இனி சோஃபமோர்" என்பாள். தகப்பன் போன பிறகு தலை குனிந்தே திரிந்த பிள்ளை, அதைச் சொல்லும்போது மட்டும் கழுத்தை நிமிர்த்துவாள்.

இங்கே பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பு என்று கேட்டார்கள். தங்கை "பத்து" என்றாள். அவர்களும் ஆண்டு பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பத்துக்குப் பத்து சரிதானே என்று எங்களுக்கும் நிம்மதி.

கொஞ்ச நாளில், ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சடங்குக்கு, அந்தச் சாமத்திய வீட்டுக்குப் போனோம். எங்கள் ஊர்ப் பெண்கள், சாப்பாடு வரும் முன்னே பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிடுவார்கள். பக்கத்தில் இருந்தவள் ஆரம்பித்தாள்.

"பிள்ளை எத்தினையாம் ஆண்டு?"

"பத்து" என்றேன்.

"வயசு?"

"வாற மாசியில பதினாறு."

"ஐயோ அக்கா, என்ர கடைக்குட்டியும் பத்துத்தான். அவவுக்கு இப்பதான் பதினாலு. ஏன், அமெரிக்காவில பெயிலோ?"

பிள்ளை சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள். காருக்குள் அழுதாள். "எல்லாரும் என்னைவிடச் சின்னன், பெரியம்மா. நான் சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை."

பிறகுதான் விளங்கியது. இங்கே ஐந்து வயதில் ஆண்டு ஒன்று. அங்கே ஆறு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. ஆகவே அவர்களுடைய பத்து, இங்கே பதினொன்று. எங்கள் பிள்ளை பெயிலாகாமலே ஒரு வருஷம் பின்னுக்குப் போயிருந்தாள்.

தங்கைக்குக் காலை ஷிப்ட். நான் நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு பிள்ளையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கெஞ்ச வந்த ஆட்கள் என்று யாரும் நினைக்கக்கூடாது. வகுப்புகளுக்குப் பொறுப்பான ஆசிரியை, ஜமேக்காக்காரி, எழுந்து நின்று எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

"ஷீ நோ ஃபெயில். கிளாஸ் மிஸ்டேக்" என்றேன்.

"பெரியம்மா, ப்ளீஸ், மெல்லமா" என்று பிள்ளை என் கையைப் பிடித்தாள்.

ஆசிரியை சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டார். பதினொன்று என்றால் வரும் கோடையிலேயே பெரிய சோதனை, மற்றவர்கள் ஒரு வருஷம் படித்தாயிற்று, இவள் அதையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்றார். பிள்ளை அதை எனக்குத் தமிழில் சொன்னாள். பிறகு அவர் என்னை விட்டு அவளிடம் திரும்பி, உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். அதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. தங்கையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"இலெவன்" என்றாள்.

பாடங்களைக் குறைத்து, பதினொன்றில் போட்டார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அந்த ஆசிரியை அவளை வைத்துப் படிப்பித்தார். குளிர்காலம் முழுவதும். யாரும் சம்பளம் கொடுத்திருக்கமாட்டார்கள். நான் காரம் குறைத்து ரோல்ஸ் செய்து அனுப்புவேன். அடுத்த தரம் காரம் குறைக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

கணக்கில் நினைத்த அளவு வரவில்லை. மற்றதெல்லாம் நல்ல பாஸ். பிள்ளை தன் வயதுக்காரரோடு மேல்வகுப்பான ஏ.எல். படிக்கப் போனாள்.

கோயிலில் அர்ச்சனைக்கு வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லும்போது அந்த ஆசிரியையின் பெயரையும் சேர்த்துச் சொல்வேன். "நட்சத்திரம் என்னம்மா?" என்று ஐயர் கேட்பார். "தெரியாது ஐயா, பேரை மட்டும் சொல்லுங்கோ" என்பேன்.