இரண்டு பஸ் மாறி ஒரு கோழி

தொண்ணூறுகளில், கனடாவின் ஸ்காபரோ பஸ்ஸில் வியாழக்கிழமைகளில் அந்த அன்ரி என் பக்கத்தில் வந்து அமர்வார். பெயர் கேட்டதில்லை. ஆண்கள் போடும் தடித்த குளிர்ச்சட்டை, மடியில் நிமிர்த்தி வைத்த கோழிப் பை. அதை ஒருநாளும் கீழே வைக்கமாட்டார்.

நகரத்தின் மறுகோடியில் யூதர்கள் தங்கள் மதமுறைப்படி வெட்டி விற்கும் கோஷர் இறைச்சிக் கடைக்குப் போய்வருகிறார் என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"உதுக்கு இரண்டு பஸ் மாறவேணுமோ அன்ரி? எங்கட பிளாசாக் கடையளிலயே கோழி விக்குதே."

"ஊரில நான் வளர்த்த கோழியை மட்டும்தான் சமைச்சனான், பிள்ளை. என்ன திண்டது, சீக்கு வந்ததோ எல்லாம் தெரியும். இஞ்ச அபார்ட்மென்டில வளர்க்க ஏலுமோ? அவங்கள் வெட்டினாப்பிறகு உள்ளுக்குப் பார்த்து, பழுதெண்டா விலக்கிப்போடுவாங்களாம். நானும் அப்பிடித்தான் பாக்கிறனான்."

எனக்கும் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். சமைத்த கறியை வாயில் வைக்க முடியவில்லை. அவ்வளவு உப்பு.

"வழக்கம்போல உப்புப் போட்டனீரோ?" அடுத்த வியாழன் நான் முறையிட்டதும் அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். "அது ரத்தம் போக உப்பில வைச்சு எடுத்த கோழியெல்லோ!"

வெட்கத்தை மறைக்கக் கேட்டேன்: "கடைக்காரர் உங்களை யூதரோ எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவர்." பையை இன்னும் நிமிர்த்தினார். "இல்லை, நான் கோழி வளர்த்தவள் எண்டு சொன்னன். அதுக்குப்பிறகு எனக்கெண்டு நல்லதாப் பார்த்து எடுத்து வைக்கிறார்."

அன்ரியின் ஆங்கிலம் 'தாங்க்யூ'வோடு முடிந்துவிடும். கோழி வளர்த்த கதையை அவர் கடைக்காரருக்கு எந்த மொழியில் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.