உப்புக் கேட்ட பிள்ளை

போன வாரம் கல்லுப்புப் பொட்டலம் கை தவறி அடுப்பங்கரைக் கருங்கல் மேல் கொட்டிவிட்டது. ஊறுகாய் போட மகள் வாங்கி வந்தது. மற்றபடி எங்கள் வீட்டிலும் இப்போது பொடி உப்புதான். அள்ளாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் பார்த்திருந்தால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பீர்கள். அந்த வெள்ளை உப்பைப் பார்த்ததும், பயந்து பயந்தே நான் கழித்த ஒரு தை மாதம் ஞாபகத்துக்கு வந்தது.

மகள் எனக்கு நாற்பதைத் தாண்டிப் பிறந்தவள். வயிற்றோடு சந்தைக்குப் போக வெட்கப்பட்டு முந்தானையால் மூடியே நடந்தேன். பிறந்த பிறகு வெட்கத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. பிள்ளை தும்மினால் பயம், தும்மாவிட்டாலும் பயம்.

அப்போது வாசலூர்பட்டியில் படகு விடும் ஏரிக்கரையில் அன்னாசிக் கீற்று விற்பேன். கூவி விற்க வாய் வராது. கூடைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் காரில் வந்த குடும்பம் கல்பெஞ்சில் ஒரு படப் புத்தகத்தை மறந்துவிட்டுப் போனது. ஓடிப்போய்க் கூப்பிட வெட்கம். திரும்பி வந்து கேட்பார்கள் என்று ஒரு மாதம் கூடையிலேயே வைத்திருந்தேன். அன்னாசிச் சாறு பட்டு அட்டை பிசுபிசுத்துவிட்டது. கடைசியில் திருட்டுப் பொருளைப் போல மடியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நான் படித்தது ஐந்தாவது. புத்தகமோ இங்கிலீஷ். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, படத்தைப் பார்த்து நானாகக் கதை கட்டினேன். ஒரு யானைக்குட்டி வழி தவறிவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரம் அதற்கு வழி காட்டுகிறது. ஐந்து முனை, இரண்டு கண், சிரிக்கிற வாய். நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொன்னால் "தப்பு" என்று பாப்பா என் வாயைப் பொத்துவாள். படிக்கத் தெரியாத குட்டு இரண்டரை வயதுப் பிள்ளையிடம் வெளிப்பட்டுவிடுமோ என்று தினமும் படபடப்பு.

கதை முடிந்தால் வாசலுக்குப் போயாக வேண்டும். வாழவந்தி நாட்டில் மலைச்சரிவோரம் எங்கள் வீடு. தெருவிளக்குக் கிடையாது. பாப்பா கழுத்து நோக மேலே பார்த்து, கையை நீட்டி, "உப்பு, உப்பு" என்பாள். பசி போலிருக்கிறது என்று வெந்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கில் உப்புத் தொட்டுக் கொண்டுவந்து கொடுப்பேன். தின்றுவிட்டு மறுபடி அதையே கேட்பாள். இத்தனை உப்பு பிள்ளைக்கு ஆகுமா என்று அது ஒரு கவலை.

தை மாதம் ஒரு நாள், "நம்ம நட்சத்திரம் எங்க, காட்டு சாமி" என்றேன். வானம் முழுக்கத் தேடினாள்.

"இல்ல."

"அத்தன கெடக்குதே, தெரியிலியா?"

"இல்லம்மா."

பிள்ளைக்குக் கண் தெரியவில்லையோ! மறுநாளும் இல்லை என்றாள், அதற்கு மறுநாளும். பொழுது மங்கியதும் வெல்லத்துண்டைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். நேராக வந்து எடுத்துக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது. வானத்தைக் காட்டினால் மறுபடி "இல்ல". வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கிழங்கு லாரியை ஓட்டிக்கொண்டு மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்குகிறவர், கொண்டை ஊசி வளைவில் இதை நினைத்துக்கொண்டால் என்ன ஆவது?

பக்கத்து வீட்டுப் பாவாயிதான் கேட்டாள். "ஏனக்கா, தெனமும் பொழுதெறங்குனா புள்ளைக்கு வெல்லத்தக் காட்றீங்களே, என்ன சமாச்சாரமுங்க?"

சொன்னேன்.

"மாலக்கண்ணேதானுங்க. பேத்தி எடுக்கற வயசுல பெத்துக் குச்சிக்கெழங்கையே குடுத்தா வேறென்ன வரும்? தழை தாரேன், அரைச்சுக் கண்ணுல ரெண்டு சொட்டு உடுங்க. எந்தம்பிக்கு உட்டமே."

அரைத்தேன். துணியில் கட்டிக்கொண்டு பிள்ளையை மடியில் கிடத்தினேன். கதைக்குத்தான் என்று நினைத்து அவள் சிரித்தாள். அப்போதுதான் பாவாயி தம்பியின் பூ விழுந்த கண் ஞாபகத்துக்கு வந்தது. துணியை வேலிக்கு அப்பால் வீசிவிட்டு, பிள்ளையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் புதன்கிழமை. ஊசி போட வரும் நர்சம்மா பால்வாடியில் இருந்தார். எல்லோரும் போகட்டும் என்று கதவோரம் நின்றேன்.

"ஏம்மா, ஊசிக்கு வந்தியா, கதவுக்குக் காவலுக்கு வந்தியா?"

பாதி அழுகையில் சொல்லி முடித்தேன். அவர் பாப்பாவின் இமையை விரித்துப் பார்த்தார். சன்னலை அடைத்து இருட்டாக்கி, அவளை நடக்கவிட்டார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தாள்.

"ராத்திரி மேல பாத்தா என்ன தெரியும் கண்ணு?"

"உப்பு."

"உப்பா?"

"நெறைய. கொட்டிக் கெடக்கு."

"அப்ப நட்சத்திரம்?"

"இல்ல. மூஞ்சியே காணம்."

நர்சம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்து முனையோடு சிரிப்பதுதான் நட்சத்திரம் என்று நான்தானே தினமும் காட்டிக் கொடுத்தேன்! அழுகையும் சிரிப்புமாக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குது. கீரையும் முட்டையும் குடு. தழை கிழை புழிஞ்சன்னு கேள்விப்பட்டா, ஊட்டுக்கே வந்துருவேன்" என்றார். அரைத்த கதையை நான் சொல்லவில்லை.

அன்றிரவு, "அந்த உப்புத்தான் சாமி நட்சத்திரம்" என்றேன். பாப்பா புத்தகத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். "தப்பு" என்று என் வாயைப் பொத்தினாள்.

புத்தகத்தைக் கரையான் தின்று பல வருசமாகிறது. பாப்பா கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறாள். போன வாரம் லீவில் வந்தவள், கொட்டிய உப்பைக் கண்டதும் நான் சொன்ன பழைய கதை ஞாபகம் வந்து சிரித்தாள். ராத்திரி என்னை வாசலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து மேலே கை காட்டினாள்.

"அம்மா, உப்புத் தெரியுதா?"

எதிரில் தெருவிளக்கு. அதற்கு அப்பால் புது லாட்ஜில் விடியவிடிய வெளிச்சம். மேலே கஞ்சித் தண்ணீர் நிறத்தில் ஒரு வெறுமை. வெளிச்சத்தால் மறைந்ததா, என் கண்தான் மங்கிவிட்டதா, எனக்குத் தெரியவில்லை.

"தெரியுது கண்ணு" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் வாசல் விளக்கை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருவிளக்கு எங்கள் இருவர் கைக்கும் எட்டாது.