பின்வாசல் மாமா

என் அக்கா வீட்டுக்காரரை எனக்கு ரொம்ப நாளாகப் பிடிக்காது. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. எந்த லிஃப்டுக்கு முன்னால் நின்றாலும், கதவு திறந்ததும் கையைக் குறுக்கே நீட்டி என்னை நிறுத்திவிடுவார். குனிந்து கீழே பார்ப்பார். அப்புறம்தான், "தரை இருக்கு, வா" என்பார். சுற்றி நிற்கிறவர்கள் எங்களையே பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருடமாக இந்த வெளிநாட்டு நகரத்தில் அதுதான் வேலை. கதவு திறந்துவிட்டது என்பதற்காகப் பெட்டி வந்து நிற்கிறது என்று நம்பிவிடக் கூடாதாம். பெட்டி எங்கேயோ மேலே நிற்க, கதவு மட்டும் திறந்து, உள்ளே வெறும் குழியாக இருந்ததை இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறாராம். "சரி மாமா, நான் பல் டாக்டர் கிளினிக்ல ரிசப்ஷன்ல உக்கார்றவ. அதுக்காகப் பாக்கறவங்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்றேனா?" என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். அடுத்த லிஃப்டிலும் கை குறுக்கே வந்தது.

நான் இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. நகரத்தின் மறுகோடியில் பெண்கள் விடுதியில் இருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அறைக்குப் பக்கத்தில் இருக்கும் டீக்கடையில் சந்திப்போம். சந்திப்பு என்றால், நான் பேசுவேன், அவர் தலையாட்டுவார். அவருடைய பேச்செல்லாம் அக்காவோடுதான். தினமும் ஃபோன். வேலைக்குப் போகிற ஒவ்வொரு கட்டிடத்தின் மொட்டை மாடியிலிருந்தும் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுவார். ஆறு, பாலம், கோபுரம் கோபுரமாகக் கட்டிடங்கள். "இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்று அக்கா கேட்பாள். "எல்லாம் தெரியும்" என்பார். அக்கா ஊரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி குத்துகிற நேரத்திலும், "எங்க வீட்டுக்காரர் அந்த ஊரையே அளந்து வெச்சிருக்கார்" என்று பெருமை அடித்துக்கொள்வாளாம்.

இந்த வருடம் மாமாவுக்குச் சூப்பர்வைசர் பதவி கிடைத்தது. குடும்பத்தைக் கூட்டி வரலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஆறு பேர் தங்கிய அறையைக் காலி செய்துவிட்டு வீடு பார்க்கப் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். சமையலறைக்கு ஜன்னல் உண்டா, குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் நான்தான் பார்த்தேன். அவர் லிஃப்டில் ஏறி, பதினாலு மாடியும் மேலும் கீழுமாக மூன்று தடவை போய் வந்து, சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இந்த வீடு நல்லா இருக்கு" என்றார். வீட்டுத் தரகர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மகளை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு அக்கா மட்டும் முதலில் வந்தாள், பத்து நாளைக்கு. பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றுதான் வந்தாள். பிடித்தால் வேலையை விட்டுவிட்டு மகளோடு இங்கே வந்துவிடுவாள். பிடிக்காவிட்டால் ஊரிலேயே இருந்துவிடுவாள். அப்புறம் இரண்டு பேரும் இன்னும் ஒன்பது வருடம் ஃபோனிலேயே குடும்பம் நடத்த வேண்டியதுதான். மாமா வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் அக்கா வந்த நாளிலிருந்து அவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

முதல் ஆறு நாள் எங்கள் இருவருக்கும் வேலை. அக்கா பதினாலாவது மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் சோப்பு வாங்கக் கீழே போனவள், பெயர்ப்பலகை ஒன்றும் படிக்கத் தெரியாமல் பயந்துபோய் வெறுங்கையோடு திரும்பிவிட்டாள். "எனக்கு இந்த ஊர் சரிப்பட்டு வருமா தெரியலடி" என்று என்னிடம் ஃபோனில் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை அவர் கூட்டிட்டுப் போறேன்னார். அவருக்கு எல்லாம் தெரியும், பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை மாமா இஸ்திரி போட்ட சட்டையும் சென்ட்டுமாகத் தயாராக நின்றார். "என்ன மாமா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றேன். அக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. படத்தில் அவள் அடிக்கடி பார்த்த பெரிய வணிக வளாகத்துக்குத்தான் போகிறோம். இருபத்திரண்டு லிஃப்ட் இருக்கிற கட்டிடம், அத்தனையும் மாமாவின் பொறுப்பு. "என் பில்டிங்" என்பார். ரயிலில் போகலாம் என்றேன். "பஸ்தான் எனக்குப் பழக்கம்" என்றார்.

பஸ் எங்களை இறக்கிவிட்ட தெருவில் வரிசையாகக் குப்பைத் தொட்டிகள் நின்றன. லாரியிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஏசிக் குழாயிலிருந்து எங்கள் தலையில் தண்ணீர் சொட்டியது. மாமா நேராக ஒரு சாம்பல் நிற இரும்புக் கதவுக்குப் போய், நெஞ்சுப் பக்கம் கையை வைத்தார். அடையாள அட்டை இல்லை. அது யூனிஃபாரத்தில் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த காவலாளி ஞாயிற்றுக்கிழமை ஆள், அவருக்கு மாமாவைத் தெரியவில்லை. அட்டை இல்லாமல் விட முடியாது என்று கையை ஆட்டிவிட்டார்.

"முன்பக்கமாப் போயிடலாம் மாமா" என்றேன்.

"முன்பக்கம்" என்றார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் நடந்த நடை இருக்கிறதே, அதை என் கால் மறக்காது. ஒரு சரிவில் ஏறினோம், அது கார்கள் வெளியே வருகிற வழி, ஹாரன் அடித்துத் துரத்தினார்கள். ஒரு படிக்கட்டில் ஏறினோம், அது பூட்டிக் கிடந்த ஒரு அலுவலகத்தில் போய் முட்டியது. நான் ஃபோனில் வரைபடத்தை எடுத்தால், "வேண்டாம், எனக்குத் தெரியும்" என்றார். முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு மறுபடி அதே குப்பைத் தொட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றோம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒன்பது வருஷமா வர்ற இடத்துக்கு வாசல் எங்கன்னு தெரியலையா மாமா? உங்களை நம்பித்தான் அக்கா குடும்பத்தையே தூக்கிட்டு வரலாமான்னு பாக்கறா."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் செத்துப்போய்விட்டது. அக்கா ஓரத்துச் சிமெண்டு மேடையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டாள். அக்கா எதைப் பொறுத்தாலும் பொய்யைப் பொறுக்க மாட்டாள். காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் ஒருநாளும் முன்வாசல் வழியா போனதே இல்ல" என்றார். "மெக்கானிக்குங்க எல்லாரும் பின்பக்கம்தான். அங்கேர்ந்து சரக்கு லிஃப்ட். பேஸ்மெண்ட் தெரியும், மொட்டை மாடி தெரியும். ரோட்டுல நின்னு பாத்தா எனக்கு ஒரு கட்டிடமும் அடையாளம் தெரியாது. ஞாயித்துக்கிழமைன்னா துணி துவைப்பேன், தூங்குவேன், அவ்வளவுதான். நீ பயந்துடக் கூடாதேன்னு எல்லாம் தெரியும்னு சொல்லிட்டேன்."

அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"கடைத்தெருவுக்குப் போனா தினம் பத்துப் பேர் எங்கிட்ட வந்து, நல்லா இருக்கீங்களாம்மான்னு கேப்பாங்க" என்றாள். "நானும் சிரிச்சுவைப்பேன். யாருன்னே தெரியாது. பன்னண்டு வருஷமா நான் யார் மூஞ்சியையும் பாத்ததில்ல, கையைத்தான் பாக்கறேன். சட்டையை மடிச்சு விட்டு முழங்கையைக் காட்டினா, நரம்பை வெச்சு யாருன்னு சொல்லிடுவேன். பக்கத்து வீட்டம்மாவையே அப்படித்தான் கண்டுபிடிச்சேன்."

மாமா முதலில் சிரிக்கலாமா கூடாதா என்று தயங்கினார். அப்புறம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"பொய் சொன்னதுக்கு உங்களை அப்புறம் வெச்சுக்கறேன்" என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். "இப்ப எந்திரிங்க, வாசலைத் தேடலாம்."

என் ஃபோனைப் பார்த்துக்கொண்டு போனோம். ஐந்து நிமிடத்தில் முன்வாசல் வந்துவிட்டது. கண்ணாடிக் கதவு, நீரூற்று, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் தரை. மாமா கால்மிதியில் ஷூவை இரண்டு தடவை தேய்த்துவிட்டு, யாரோ அழைத்து வந்த விருந்தாளி மாதிரி உள்ளே வந்தார். கடைகளை அவர் கண்டுகொள்ளவில்லை. லிஃப்டுகளைக் கண்டதும்தான் முகத்தில் களை வந்தது. "இந்த மூணாவது கொஞ்சம் கோபக்காரி. மழை நாள்ல சண்டித்தனம் பண்ணுவா. அந்தக் கோடியில இருக்கறது தங்கம். நாலு வருஷத்துல ஒரு தொந்தரவு கிடையாது" என்று அக்காவிடம் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். புகுந்த வீட்டு மனிதர்களைப் பற்றிக் கேட்கிற மாதிரி அவள் ஒவ்வொன்றாக நின்று கேட்டாள். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. எனக்கு ஒருமுறைகூட இதெல்லாம் கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினோம். அக்கா வரப்போகிறாளா இல்லையா என்று கேட்க எனக்குப் பயம். மாமாவுக்கு என்னைவிடப் பயம். மூன்று பேரும் கீழ்த்தளத்தில் லிஃப்டுக்காக நின்றோம்.

கதவு திறந்தது. பழக்கத்தில் மாமாவின் கை எழுந்தது. அதற்குள் அக்காவின் கை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து அவரை நிறுத்திவிட்டது. அவள் குனிந்து, அவசரப்படாமல், ஓரத்து இடுக்கைக்கூட விடாமல் பார்த்தாள்.

"தரை இருக்கு, வாங்க" என்றாள்.

உள்ளே போய்ப் பதினாலை அவளே அமுக்கினாள். கதவு மூடியதும், "நாளைக்கு லேபுக்கு ஃபோன் பண்ணி வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றாள்.

மாமா சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவரில் காதை வைத்துக்கொண்டார். புறங்கையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. ஆனாலும் விட மனசில்லை.

"என்ன மாமா, மோட்டர்ல ஏதாவது சத்தமா?"

அவர் திரும்பவே இல்லை.

"இல்ல" என்றார். "நல்லா ஓடுது."